இங்கிலாந்தில் வாடகை வீடு: ஈரம், சுண்டெலி, மூட்டைப்பூச்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்கும் வேலைக்கும் புதிதாக வந்து வாடகை வீட்டில் குடியேறுகிற நம்மவர்கள், முதல் குளிர்காலம் முடிவதற்குள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில், வேறாகக் குறிப்பிடாதவரை, அது இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வாடகைச் சட்டம் வேறு.

இவ்வளவு குளிர்ல பூச்சி, எலி எல்லாம் எப்படி இருக்கும்?

வெளியே குளிர் என்பதால்தான் அவை உள்ளே வருகின்றன. வீட்டுக்குள் ஆண்டு முழுவதும் 18 முதல் 21 டிகிரி வரை சூடு, தரை முழுக்க கார்பெட், மூடிய சன்னல்கள். நூறு ஆண்டு தாண்டிய வீடுகள் ஏராளம். மரப்பலகைத் தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகளில் அந்த வெற்றிடம் பக்கத்து வீட்டோடு தொடர்ந்தே போகும்.

பல்லி இருக்காது. செப்டம்பரில் பெரிய சிலந்திகள் தரையில் ஓடும். துணை தேடி அலையும் ஆண் சிலந்திகள் அவை. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து வெளியே விட்டுவிடுங்கள். உண்மையில் நேரத்தையும் பணத்தையும் தின்பவை நான்கு: ஈரப் பூசணம், சுண்டெலி, மூட்டைப்பூச்சி, துணி அரிக்கும் அந்துப்பூச்சி.

காலைல ஜன்னல் கண்ணாடில தண்ணி வழியுது. மேல எங்கயாவது ஒழுகுதா?

பெரும்பாலும் ஒழுகல் இல்லை. வீட்டுக் காற்றில் இருக்கும் நீராவி, வீட்டிலேயே குளிர்ச்சியான பரப்பான கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. நான்கு பேர் வாழும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். ஒரு முறை துவைத்த துணியை உள்ளே காயவைத்தால் அதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 2 லிட்டர். ஊரில் இதெல்லாம் திறந்த சன்னல் வழியே போய்விடும். இங்கே போக வழியில்லை.

முதலில், காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். 10 பவுண்டுக்குள் கிடைக்கும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். நாள்கணக்கில் 70-ஐத் தாண்டி நின்றால் பூசணம் வரப்போகிறது என்று அர்த்தம். சோறு, குழம்பு கொதிக்கும்போது மூடி போடுங்கள். குக்கர் விசில் அடிக்கும்போது காற்றை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் ஓடவேண்டும், சமையல் முடிந்தபின்னும் 15–20 நிமிடம். அடுப்புக்கு மேலிருக்கும் ஹுட் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது காற்றைக் கரி வடிகட்டி வழியாக இழுத்துத் திரும்பச் சமையலறைக்குள்ளேயே விடும் வகை. தாளிப்பு வாசனை குறையும், நீராவி குறையாது. அப்படியென்றால் சன்னலைத் திறந்தே ஆகவேண்டும்.

துணியை ரேடியேட்டர் மேல் விரிக்காதீர்கள். குளியலறையில் ஸ்டாண்டு வைத்து, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு உலர்த்துங்கள். சன்னல் சட்டத்தின் மேலே இருக்கும் சிறு காற்றுத் திறப்புகளைக் குளிருக்குப் பயந்து மூடவேண்டாம்.

படுக்கையறை மூலைல கறுப்பா பூசணம். துடைச்சா ரெண்டு வாரத்துல திரும்ப வருது. என்ன பண்றது?

ஈரம் குறையாமல் துடைத்தால் திரும்பத்தான் வரும். மேலே சொன்னதுதான் முதல் வேலை. கூடவே, வெளிச்சுவரை ஒட்டிய பீரோவையும் கட்டிலையும் 5–10 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். பின்னால் காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். மின்கட்டணத்துக்குப் பயந்து ஓர் அறையை மட்டும் சூடேற்றி மற்றதைக் குளிரவிட்டால், சூடான அறையின் நீராவி குளிர்ந்த அறைக்குப் போய்ச் சுவரில் படியும். எல்லா அறையிலும் மிதமான சூடு தொடர்ந்து இருப்பது நல்லது. காற்றிலிருந்து நாளுக்கு 10–12 லிட்டர் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் கருவி ஏறக்குறைய 200 வாட்தான் இழுக்கும். துணி உலர்த்தும் அறையில் அதை வைத்தால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. ஈரம் உறிஞ்சும் உப்புக்கல் டப்பாக்கள் ஓர் அலமாரிக்குப் போதும், அறைக்குப் போதாது.

சுத்தம் செய்யும்போது கையுறை, முகக்கவசம் அணிந்து, அறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்துவையுங்கள். உலர்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பூசணக்கொல்லித் திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் குப்பையில் போடுங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வெளிவரும். சுவர் முழுதாகக் காயாமல் பெயின்ட் அடித்தால் பெயின்டும் உரிந்து வரும். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தாலோ நீங்களே செய்ய இறங்காதீர்கள். வீட்டுக்காரரிடம் எழுதிக் கேளுங்கள்.

பாத்ரூம் தரைய நம்மூர் மாதிரி தண்ணி ஊத்திக் கழுவலாமா?

கூடாது. தரையில் தண்ணீர் போகத் துளை கிடையாது. வினைல் விளிம்பு வழியாக இறங்கும் தண்ணீர் பலகையை ஊறவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். தொட்டிக்குள் நின்று குளியுங்கள், திரையின் கீழ்ப்பகுதி தொட்டிக்கு உள்பக்கம் இருக்கட்டும். தொட்டி ஓரத்துச் சிலிக்கான் பட்டை கிழிந்திருந்தால் உடனே தெரியப்படுத்துங்கள்.

ராத்திரி லைட்டப் போட்டா வெள்ளி நிறத்துல வாலோட ஒண்ணு சரசரன்னு ஓடுது. கடிக்குமா?

கடிக்காது. நம்மூரில் புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சிதான். இங்கே சில்வர்ஃபிஷ் என்பார்கள். ஈரம் இருக்கும் இடத்தில்தான் பிழைக்கும். நிறையத் தெரிந்தால் மருந்தைத் தேடாமல், எங்கே ஈரம் என்று தேடுங்கள்.

கிச்சன்ல சீரகம் மாதிரி கறுப்பா ஏதோ கிடக்கு. எலிப் புழுக்கையா?

3 முதல் 6 மில்லிமீட்டர் நீளம், முனை கூர்மை என்றால் சுண்டெலி. ஒரு சுண்டெலி நாளைக்கு 50-க்கு மேல் போடும் என்பதால், நிறையக் கிடக்கிறது என்பதற்காக எலிக்கூட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் தடிப்பாக இருந்தால் பெரிய எலி. பெரும்பாலும் உடைந்த சாக்கடைக் குழாய் வழியாக வரும். அது வீட்டுக்காரர் ஆளை வைத்துப் பார்க்கவேண்டிய வேலை.

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்யூமும் போடாதீர்கள். கிருமிநாசினி தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத்தால் துடைத்தெடுங்கள். சுத்தம் செய்தபின் எங்கே புதிதாக விழுகிறது என்று இரண்டு நாள் கவனித்தால் அது போய்வரும் பாதை தெரிந்துவிடும்.

பொறி வச்சு நாலு பிடிச்சோம். இன்னும் வந்துட்டே இருக்கு. ஏன்?

ஓட்டை அடைபடாததால். பென்சில் நுழையும் 6 மில்லிமீட்டர் சந்து சுண்டெலிக்கு வாசல். கருத்தரித்து மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். பிடிப்பதைவிட அடைப்பதுதான் வைத்தியம்.

பார்க்கவேண்டிய இடங்கள்: சிங்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகுமிடம், வாஷிங் மெஷினுக்குப் பின்புறம், எரிவாயுக் குழாய், ரேடியேட்டர் குழாய் தரைக்குள் இறங்கும் துளை, வாசல் கதவின் அடி. சமையலறை அலமாரிகளின் காலை மறைத்துத் தரையோரம் ஒரு நீளப் பலகை மாட்டியிருக்கும், கிக்போர்டு என்பார்கள். இழுத்தால் கையோடு வந்துவிடும். பத்தில் எட்டு வீடுகளில் வழி அதற்குப் பின்னால்தான் இருக்கும் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு வழக்கமான இடம். எந்தத் துளை புழக்கத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் இரவில் அதன் முன்னால் கொஞ்சம் முகப்பவுடர் தூவிவையுங்கள். காலையில் கால்தடம் காட்டிக்கொடுக்கும்.

துருப்பிடிக்காத கம்பிப் பஞ்சைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, மேலே சீலன்ட் பூசவேண்டும். வெறும் ஃபோம் அடித்தால் ஒரே இரவில் கடித்துத் துளைத்துவிடும். சாதாரணக் கம்பிப் பஞ்சு, குழாயோர ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். வெளிச்சுவரில் அடியில் இருக்கும் துளையுள்ள செங்கல்லை மட்டும் அடைக்காதீர்கள். தரைக்கு அடியில் காற்றுப் போகும் வழி அது. அடைத்தால் பலகை மக்கிவிடும். அதற்கென்று நுண்வலை மூடி கிடைக்கிறது.

பொறி வைப்பதிலும் கணக்கு உண்டு. ஒன்றிரண்டு போதாது; ஒரே இரவில் ஆறு முதல் பத்து வையுங்கள். சுண்டெலி சுவரோரமாகவே ஓடும். பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி, ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் வைக்கவேண்டும். இரைக்குச் சீஸ் தேவையில்லை. கடலை வெண்ணெயோ சாக்லேட் பேஸ்ட்டோ உளுந்து அளவு போதும். அதிகம் வைத்தால் பொறி விழாமலே நக்கிவிட்டுப் போய்விடும்.

விஷம் வச்சா சீக்கிரம் முடிஞ்சிடாதா? ப்ளக்ல மாட்டுற சத்தக் கருவி எப்படி?

விஷம் தின்ற சுண்டெலி சில நாள் கழித்துச் சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ போய்ச் சாகும். எடுக்கவும் முடியாது, வாரக்கணக்கில் நாற்றம், பிறகு ஈ. தவிர, இங்குள்ள சுண்டெலிகளில் பல, கடைகளில் விற்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை விஷங்களில் சிலவற்றைத் தாங்கப் பழகிவிட்டன. குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் அல்லாமல் வைக்கவே கூடாது. சத்தக் கருவியும் புதினா எண்ணெயும் காசுக்குக் கேடு.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். அதனாலயா எலி வருது?

காக்கை தின்றது போக மிச்சம் தரையில் கிடந்தால் வரும். வழக்கத்தை விடவேண்டியதில்லை. காலையில், தரையில் அல்லாமல் உயரமான தட்டில், ஒரு பிடி மட்டும் வைத்து, ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அடுக்குமாடி பால்கனியில் வைத்தால் புறாதான் வரும், அதன் எச்சம் கீழ்வீட்டாருக்கு. குப்பைப் பையை முந்தைய இரவே வெளியே வைத்தால் நரி கிழித்துப் போட்டுவிடும். மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

20 கிலோ அரிசி மூட்டை வாங்கினோம், வண்டு வந்துடுச்சு. வெயில்ல காயப்போடவும் வழியில்ல.

வண்டின் முட்டை அரிசிக்கு உள்ளேயே இருக்கும், அதனால் கடையில் பார்க்கும்போது சுத்தமாகத்தான் தெரியும். இங்கே வெயிலின் வேலையை ஃப்ரீசர் செய்யும். இரண்டு கிலோ பொட்டலங்களாகப் பிரித்து, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். மூட்டையாகவே வைத்தால் நடுவில் உள்ள அரிசிக்குக் குளிர் எட்ட நாளாகும். எடுத்தபின் பொட்டலத்தைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு இறுக்கமாக மூடும் டப்பாவில் கொட்டுங்கள். ரவை, கடலை மாவுக்கும் இதேதான். காய்ந்த மிளகாய், வேப்பிலை போடுவது வண்டைத் தள்ளிவைக்கலாம், முட்டையை ஒன்றும் செய்யாது.

மாவில் நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் அது வண்டு அல்ல, மாவு அந்து. அந்தப் பொட்டலத்தை எறிந்துவிட்டு, அலமாரித் தட்டைத் தாங்கும் ஆணித் துளைகளையும் மூலைகளையும் வேக்யூம் செய்யுங்கள். புழு அங்கேதான் கூடுகட்டும்.

பட்டுப்புடவைல சின்னச் சின்ன ஓட்டை. பாச்சை உருண்டை இங்க எங்க கிடைக்கும்?

நாப்தலீன் உருண்டை இங்கும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2008 முதல் விற்பனையில் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவருவதும் வேண்டாம். மூடிய அறையில் அந்த ஆவி சேரும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

ஓட்டை போடுவது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. பட்டு, கம்பளி, இறகு என்று விலங்கிலிருந்து வரும் இழைகளைத்தான் தின்னும். சுத்தமான பருத்தியையும் பாலியெஸ்டரையும் தொடாது. வியர்வை, உணவுக்கறை பட்ட இடம் அதற்கு மிகவும் பிடிக்கும் என்பதால், கட்டிய புடவையை அப்படியே மடித்து வைக்காதீர்கள். பாதித்த புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் நீர் வேர்த்துச் சரிகை கறுக்கும்; ஒரு நாள் மூடியே வைத்திருந்து பிறகு பிரியுங்கள். பீரோவின் உள்மூலை, அதன் அடியில் இருக்கும் கார்பெட், கட்டிலுக்கு அடி எல்லாவற்றையும் வேக்யூம் செய்து, தூசிப் பையை வெளிக் குப்பையில் போடவேண்டும். ஒட்டும் அந்துப் பொறியில் ஆண் பூச்சி மட்டுமே சிக்கும். தொல்லை எவ்வளவு என்று அளக்க அது உதவும், ஒழிக்க உதவாது.

காலைல கையில வரிசையா தடிப்பு. மூட்டைப்பூச்சியா, அலர்ஜியா?

தடிப்பை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. ஒரே கட்டிலில் படுப்பவர்களில் ஒருவருக்குத் தடித்து மற்றவருக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். டார்ச் எடுத்து மெத்தையின் தையலோரம், கட்டில் தலைப்பலகையின் பின்புறம், திருகாணித் துளைகள், பலகை இணைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். மை தொட்டு வைத்தது போன்ற கறுப்புப் புள்ளிகள், உரிந்த தோல், 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையான பழுப்புப் பூச்சி: இதில் ஒன்று இருந்தாலும் மூட்டைப்பூச்சிதான். நோய் பரப்பும் பூச்சி இல்லை, வீட்டின் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய கட்டில், மெத்தை, பயணப் பெட்டி வழியாக வரும். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பகிர்ந்து வாழும் வீடுகளில் ஓர் அறையில் இருந்தது ஆறு அறைக்குப் பரவுகிறது.

மூட்டைப்பூச்சின்னு உறுதியாயிடுச்சு. ஸ்மோக் பாம் போட்டுட்டு ஹால்ல படுத்துக்கலாமா?

இரண்டும் தவறு. புகை விரிசலுக்குள் இறங்காது. பூச்சியைக் கலைத்துப் பக்கத்து அறைக்குத்தான் அனுப்பும். நீங்கள் கூடத்தில் படுத்தால் உங்கள் மூச்சுக்காற்றைத் தேடி அங்கேயும் வரும். அதே கட்டிலில் படுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, போர்வை தரையில் தொங்காமல், ஒவ்வொரு காலுக்கும் அடியில் மூட்டைப்பூச்சி ஏறமுடியாத கிண்ணப் பொறியை வையுங்கள்.

துணிகளை அறையிலேயே பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரியில் துவைக்கவேண்டும், அல்லது டிரையரில் உச்ச சூட்டில் குறைந்தது 30 நிமிடம். துவைக்கமுடியாதவை ஃப்ரீசரில் நான்கு நாள். மெத்தையை முழுதாக மூடும் ஜிப் உறைக்குள் போடுங்கள். இதோடு நிற்காது, ஆள் வைத்துத்தான் ஆகவேண்டும். கடையில் விற்கும் பைரெத்ராய்டு ஸ்ப்ரேக்களைப் பல மூட்டைப்பூச்சிகள் தாங்கிக்கொள்கின்றன. பிரிட்டிஷ் பெஸ்ட் கன்ட்ரோல் அசோசியேஷன் உறுப்பினரா என்று கேட்டு அமர்த்துங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய பத்து நாள் ஆகும் என்பதால், இரண்டு வார இடைவெளியில் இரண்டாம் முறையும் மருந்தடிப்பதுதான் வழக்கம். ஒரே முறையில் முடித்துத் தருகிறேன் என்று மருந்தோடு வருகிறவரை நம்பாதீர்கள். வீட்டையே 50 டிகிரிக்கு மேல் சூடேற்றும் முறை மட்டும் ஒரு நாளில் முடியும், செலவு அதிகம்.

ஊர்லேர்ந்து சாக்பீஸ் மருந்து, ஒட்டுற எலி அட்டை, அரிசிக்கு வைக்கிற மாத்திரை கொண்டுவந்தா என்ன?

மூன்றும் வேண்டாம். அரிசிக்கு வைக்கும் மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். அது சுவர், தரை விரிசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். 2021 டிசம்பரில் கிழக்கு லண்டனின் ஷாட்வெல்லில் ஓர் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு வைத்த அலுமினியம் பாஸ்பைடால் 11 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் திறக்காமல், கவுன்சிலின் (உள்ளூராட்சி அமைப்பின்) அபாயக் கழிவுப் பிரிவைக் கேளுங்கள். குப்பையில் போடுவதும் தண்ணீரில் கரைப்பதும் ஆபத்து.

ஒட்டும் எலி அட்டையை உரிமம் பெற்றவர் தவிர மற்றவர் பயன்படுத்துவது இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் குற்றம். வேல்ஸில் 2023 அக்டோபர் முதல் முழுத் தடை. சாக்பீஸ் மருந்துக்கு இங்கே அனுமதி இல்லை. குழந்தை எடுத்து எழுதிப் பார்க்கும் பொருள் அது.

செலவு யாரோடது? ஏஜென்ட் 'நீங்கதான் பாத்துக்கணும்'ங்கிறார்.

பூச்சியோ எலியோ நீங்கள் குடிவந்தபோதே இருந்தாலோ, சுவர் ஓட்டை, உடைந்த குழாய் போன்ற பழுதால் வந்தாலோ வீட்டுக்காரர் பொறுப்பு. நீங்கள் வாங்கிவந்த பழைய மெத்தையிலிருந்து வந்தது என்றால் உங்கள் பொறுப்பு. இடைப்பட்டதில்தான் சண்டை. அதனால் பார்த்த அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தத் தேதி, எந்த அறை, என்ன தெரிந்தது, எங்கே ஓட்டை, படங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை எழுதி அனுப்பிவையுங்கள். பதில் இல்லாவிட்டால் கவுன்சிலின் என்விரான்மென்டல் ஹெல்த் பிரிவு வந்து பார்க்கும். வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் போகவும் வழி உண்டு. கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். வெளியேற்ற வழக்குக்கு அதுவே காரணமாகிவிடும்.

பூசணத்துக்கு 'உங்க சமையல்தான் காரணம்'னு சொல்றாங்க. என்ன பதில் சொல்ல?

சமைப்பதும் குளிப்பதும் வீட்டில் வாழ்வதன் பகுதி. அதைத் தாங்கும் காற்றோட்டம் வீட்டில் இருக்கவேண்டும். சமூகக் குடியிருப்பு (கவுன்சிலோ வீட்டுவசதிச் சங்கமோ வாடகைக்கு விடும் வீடு) வாடகைதாரர்களின் புகார்களை விசாரிக்கும் ஹவுஸிங் ஆம்புட்ஸ்மன், 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே, இதை வாழ்க்கைமுறை என்று தள்ளிவிடக் கூடாது என்று சொன்னது. 2020-இல் ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூசணம் பிடித்த வீட்டில் வாழ்ந்ததால் இறந்தது. அந்தப் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீட்டுக்காரர்களைக் கட்டுப்படுத்துகிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் செயல்படவேண்டும். கடுமையான ஈரம், பூசணம் என்றால் 10 வேலைநாளுக்குள் விசாரிக்கவேண்டும்.

வாதத்தைவிட அளவு பேசும். ஹைக்ரோமீட்டர் எண்ணைக் காலை, மாலை படமெடுத்து இரண்டு வாரம் சேருங்கள். கறை எங்கே என்பதும் சாட்சி. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை அலைபோல் ஏறி உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம். மழை பெய்தபின் ஒரே இடத்தில் விரிந்தால் கூரையோ தண்ணீர்த் தாரையோ உடைந்திருக்கிறது. இவை இரண்டும் எந்தச் சமையலாலும் வருவதில்லை. ஃபேன் இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூவை அதன்மேல் வைத்து வீடியோ எடுங்கள். ஒட்டி நிற்காமல் விழுந்தால் ஃபேன் வேலை செய்யவில்லை.

ஃப்ளாட்ல மஞ்சளா பொடி எறும்பு, கரப்பானும் இருக்கு. ஸ்ப்ரே அடிச்சா அதிகமாகுது?

ஆம், அதிகமாகும். மையச் சூடுள்ள கட்டடங்களில் வரும் 2 மில்லிமீட்டர் மஞ்சள் எறும்பு ஃபாரோ எறும்பு. ஸ்ப்ரே பட்டதும் கூட்டம் பல ராணிகளோடு பிரிந்து பல இடத்தில் குடியேறும். அதையும் சின்னக் கரப்பானையும் ஜெல் இரை வைத்துத்தான் ஒழிக்கமுடியும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. மாடி முழுவதும் ஒரே நேரத்தில் செய்யாவிட்டால் குழாய்ப் பாதை வழியாகத் திரும்ப வரும் என்பதால், கட்டட நிர்வாகத்துக்கு அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து எழுதுங்கள். தோட்டத்துக் கறுப்பு எறும்பு கோடையில் வருவதற்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம்.

வீடு மாறப்போறோம். புது வீடு பாக்கும்போது என்ன கவனிக்கணும்?

பீரோவை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள். புதிதாக ஒரு மூலைக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சிங்குக்கு அடியில் டார்ச் அடியுங்கள், கிக்போர்டு முன்னால் புழுக்கை இருக்கிறதா பாருங்கள், குளியலறை ஃபேனை டிஷ்யூ வைத்துச் சோதியுங்கள். மெத்தை கொடுக்கும் வீடு என்றால் தையலோரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், எல்லா அறையையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பழைய வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்திருந்தால் துணியை அங்கேயே 60 டிகிரியில் துவைத்துக் கட்டி எடுத்துவாருங்கள். கட்டிலைக் கழற்றித் திருகாணித் துளைகளைப் பார்க்காமல் வண்டியில் ஏற்றவேண்டாம்.